திவ்விய சுபாவத்தில் பங்கு என்றால் தேவனுக்குச் சமமா?

செக்காலை (தொடக்கப் பதிவு)

காரைக்குடிப் பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டங்களில் மூன்று வசனங்களை ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. "நீங்கள் தேவர்கள்" (சங்கீதம் 82:6), "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்" (2 பேதுரு 1:4), "அவருக்கு ஒப்பாயிருப்போம்" (1 யோவான் 3:2). மூன்றையும் கோத்துவிட்டு, "ஆகவே விசுவாசி தேவனுக்குச் சமம், அவர் வாய்க்கு உள்ள வல்லமை உன் வாய்க்கும் உண்டு" என்று முடிக்கிறார்கள்.

ஒரு மணி நேர வேதபாட வகுப்புக்கு இதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வசனமும் அதனதன் இடத்தில் என்ன சொல்கிறது? ஆதிச்சபைப் பிதாக்களே "மனிதன் கடவுளாவான்" என்று எழுதியிருக்கிறார்கள் என்கிறார்களே, அது எந்தப் பொருளில்? நம் ஊரில் வகுப்புக்குச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள். "எங்கள் சமயத்தில் சிவமாதல் என்கிறோமே, அதுவா இது?" என்று கேட்டால் நேர்மையான பதில் வேண்டும். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

சங்கீதத்தில் தொடங்குங்கள், முழுவதையும் வாசிக்க வையுங்கள். மொத்தமே 8 வசனம், ஒரு நிமிடத்தில் முடியும். 6-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பதில்தான் பிழையே ஆரம்பிக்கிறது.

1-ஆம் வசனத்தில் தேவன் நியாய சபையில் நிற்கிறார். 2 முதல் 4 வரை குற்றச்சாட்டு: அநியாயத் தீர்ப்பு, துன்மார்க்கருக்கு முகதாட்சிணியம், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் இல்லை. 6-இல் "நீங்கள் தேவர்கள்" என்று வருகிறது. உடனே 7-இல் "ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து" என்று வருகிறது. ஆக இது பதவி உயர்வு தரும் வசனம் அல்ல. கொடுத்த பொறுப்பைக் கெடுத்தவர்கள் மேல் வாசிக்கப்படும் தண்டனைத் தீர்ப்பின் நடுவரி.

எபிரேயச் சொல் 'ஏலோகிம்'. ஒரே சொல் உண்மைத் தேவனையும், பிற தேவர்களையும், வானோரையும் குறிக்கும். தேவனுடைய பெயரால் தீர்ப்புச் சொல்லும் மனிதரையும் அது குறிப்பதாகக் கொள்ளும் இடங்கள் உண்டு. யாத்திராகமம் 22:8-இல் அதே சொல்லைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு 'நியாயாதிபதிகள்' என்று தருகிறது. யாத்திராகமம் 7:1-இல் மோசேயைப் பார்வோனுக்குத் 'தேவனாக்கினேன்' என்கிறார். அதைக் கேட்டுவிட்டு மோசேயை யாரும் ஆராதிக்கவில்லை. 82-ஆம் சங்கீதத்தில் வருவோர் மனித நீதிபதிகளா, வானோர் சபையா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. எந்தப் பக்கம் போனாலும் 'சமம்' என்ற பொருள் கிடைக்காது.

அடுத்து யோவான் 10. 34-ஐ மட்டும் வாசிக்காமல் 33 முதல் 36 வரை வாசியுங்கள். "நீ மனுஷனாயிருக்க உன்னைத் தேவன் என்று சொல்லுகிறாய்" என்று கல்லெடுத்து நிற்கிறார்கள். இயேசுவின் பதில் நம் தர்க்க மரபில் கைமுதிக நியாயம் என்போமே, அந்த வகை: தேவவசனத்தைப் பெற்றுக்கொண்டவர்களுக்கே அந்தப் பெயர் பொருந்துமானால், பிதா பரிசுத்தமாக்கி உலகத்தில் அனுப்பினவருக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்! இந்த வாதம் நிற்கவேண்டுமானால் அவர்களுக்கும் அவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கவேண்டும். இருவரும் சமம் என்று வைத்தால் 'எவ்வளவு அதிகமாக' என்பதற்கே இடமில்லை.

கோனாபட்டு

2 பேதுரு 1:4-க்கு ஒரு குறிப்பு. 'பங்குள்ளவர்கள்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் 'கொய்னோனோஸ்' என்ற சொல்லின் பன்மை இருக்கிறது. அதே சொல் லூக்கா 5:10-இல் சீமோனின் படகுக் 'கூட்டாளிகளுக்கு' வருகிறது. 1 பேதுரு 5:1-இல் பேதுரு தன்னை 'வெளிப்படும் மகிமைக்குப் பங்காளி' என்கிறார், அங்கேயும் இதே சொல்தான்.

பங்காளி என்ற சொல் நம் பக்கத்தில் என்ன கனம் உடையது என்று சொல்லத் தேவையில்லை. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். நம் காதில் பங்கு என்றதும் பாகப்பிரிவினை வந்துவிடும்: சொத்தை வெட்டி ஆளுக்கொரு கூறு, என் கூறுக்கு நானே உடையவன், அப்பச்சி கையிருப்பு அவ்வளவுக்குக் குறையும். பேதுரு சொல்வதில் இந்த மூன்றும் கிடையாது. தெய்வத் தன்மை கூறுபடுவதில்லை, கொடுத்தவரிடம் குறைவதில்லை, வாங்கினவர் அதைத் தனியே எடுத்துக்கொண்டு போய்க் குடித்தனம் நடத்தவும் முடியாது. வெயிலில் பங்கு என்பது போன்ற பங்கு அது. பலகையில் இதை எழுதிக் காட்டாமல் வசனத்துக்குள் போனால், தமிழ்ச் சொல்லே வகுப்பைத் தவறான பக்கம் இழுத்துவிடும்.

அதே அதிகாரத்தில் 5 முதல் 7 வரை உள்ள வரிசையைக் கட்டாயம் சேருங்கள். விசுவாசம், தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு என்று எட்டு. திவ்விய சுபாவத்தில் பங்குபெற்றவன் எப்படி இருப்பான் என்பதற்கு பேதுருவே தரும் அடையாளம் இது. இந்த எட்டில் கட்டளையிடுதல் இல்லை, உண்டாக்குதல் இல்லை. இச்சையடக்கமும் பொறுமையும் இருக்கின்றன.

செம்மண்

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து. இந்தப் போதனை முழுவதும் திருப்பலியில் ஒரு துளித் தண்ணீரில் இருக்கிறது. பெரும்பாலான பங்குமக்கள் அதைக் கேட்டதே இல்லை, ஏனென்றால் அந்தச் செபம் மெல்லிய குரலில் சொல்லப்படுவது.

காணிக்கைப் பகுதியில் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றியதும், திருத்தொண்டரோ குருவோ சிறிதளவு தண்ணீர் சேர்க்கிறார். அப்போது சொல்லும் செபத்தின் கருத்து: நம் மனிதத் தன்மையில் பங்குகொள்ளத் திருவுளமானவரின் இறைத்தன்மையில் நாங்களும் பங்குபெற வேண்டும். 'சமமாக வேண்டும்' என்று அங்கே இல்லை.

அளவைக் கவனியுங்கள். 1439-இல் ஃபுளோரன்ஸ் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் திருச்சபைப் பொதுச்சங்கம்) ஆர்மீனியருக்குத் தந்த ஆவணம் 'மிகமிகச் சிறிதளவு' தண்ணீர் என்கிறது. திரிதெந்து சங்கத்தின் ஞானோபதேசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நடைமுறையில் சில துளிகள். தண்ணீர் விட மறந்தால் பலி செல்லும், ஒழுங்குதான் மீறப்படும். தண்ணீர் மிகுந்து இரசம் இரசமாக இல்லாமல் போனால் பலியே செல்லாது. தண்ணீர் மட்டும் வைத்தாலும் செல்லாது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தண்ணீரை மட்டும் வைத்தவர்களைக் கண்டித்து ஒரு நீண்ட மடலே எழுதினார். தண்ணீர் என்பது மக்கள், இரசம் என்பது கிறிஸ்து. கலந்தபின் பிரிக்க முடியாது என்பது அவர் வாதம்.

அந்த உவமைக்கும் எல்லை உண்டு. இரசத்தில் விழுந்த துளி தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது. கிறிஸ்துவின் மனிதத்தன்மை அப்படிக் கரைந்துபோனது என்ற போக்கைத்தான் 451-இல் கால்செதோன் சங்கம் மறுத்தது: இரு தன்மைகளும் கலவாமலும் மாறாமலும், பிரியாமலும் பிளவுபடாமலும். கிறிஸ்துவிலேயே மனிதத்தன்மை கரையவில்லை என்றால் நம்முடையது எப்படிக் கரையும்?

ஆத்தங்குடி

கரையாத உவமை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லை, அதாவது வீட்டுத் தரையில் பதிக்கும் பூக்கல்லை, சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் சட்டமும் அச்சும் வைத்து, சிமெண்டில் கலந்த நிறக்குழம்பை ஊற்றுவார்கள். பின்னால் உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணி, இறுகியபின் தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு ஏறியிருக்கும். கல் கண்ணாடி ஆகவில்லை, ஆனால் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. தகட்டில் ஒரு விரல் அழுக்கு இருந்தால் கல்லில் அந்த வடு கடைசிவரை நிற்கும்.

செம்மண்

@ஆத்தங்குடி, மிக அழகான உவமை அண்ணே, 'சாயல்' என்பதை விளக்க இதைவிட நல்லது கிடைக்காது. வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடத்தில் கவனம். கண்ணாடி கழன்ற பிறகும் பளபளப்பு கல்லிலேயே நிற்கிறது. அருள்வாழ்வோ கொடுத்தவரை விட்டு விலகியபின் நிற்பதில்லை. திராட்சைக் கொடியை விட்டுப் பிரிந்த கிளை காய்கிறது என்பது யோவான் 15. இன்னொன்று, கண்ணாடி மேற்பரப்பை மட்டும் தொடுகிறது, உள்ளே மணல் மணலாகவே இருக்கிறது.

இதற்காகத்தான் பழைய ஆசிரியர்கள் உலை இரும்பைச் சொன்னார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு நெருப்பைப்போல் ஒளிவிடும், தொட்டால் சுடும், உள்ளும் புறமும் சூடு ஏறியிருக்கும். ஆனாலும் அது இரும்பு. அதன் எடை இரும்பின் எடை. உலையிலிருந்து எடுத்தால் சிவப்பு மங்கிக் கறுக்கும். நெருப்பின் வேலையைச் செய்கிறது, நெருப்பாகவில்லை.

இன்னும் ஒரு எச்சரிக்கை. 'விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல' என்று யாராவது சொல்வார்கள். அதை இங்கே சேர்க்காதீர்கள். 'ஒளியினின்று ஒளி' என்பது 325-இல் நிசேயா சங்கம் மகனைப் பற்றிச் சொன்னது, பிதாவும் மகனும் ஒரே பொருள் என்பதைக் காட்டச் சொன்னது. இரண்டாவது விளக்கின் சுடர் முதல் சுடருக்குச் சமம். மனிதருக்கு அதைப் போட்டால் எதை மறுக்க வந்தோமோ அதையே நிறுவியதாகிவிடும்.

கல்லல்

எல்லாரும் வசனத்தை நீர்த்துப்போகச் செய்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராயிருந்த அத்தனாசியார் 'நாம் கடவுளாக்கப்படும்படி அவர் மனிதரானார்' என்ற கருத்தை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அவருக்கு முன் இரேனேயுவும் இதையே சொன்னார். சங்கீதம் 82:6-ஐ ஞானஸ்நானம் பெற்று பிள்ளைகளானவர்களுக்கு எடுத்துக்காட்டியது பிதாக்களே. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் 'தெயோசிஸ்', கடவுள்மயமாதல், என்பதை மீட்பின் மையமாக வைக்கின்றன. நீங்கள் 'நல்லொழுக்கம்' என்ற அளவுக்குக் குறைத்துவிட்டால், கர்த்தர் கொடுத்ததில் பாதியை வாங்காமல் திருப்பி அனுப்புவதாகாதா?

தேவகோட்டை ரஸ்தா

@கல்லல், நியாயமான கேள்வி. பிதாக்கள் அந்தச் சங்கீதத்தைப் பிள்ளைகளாவதற்கு எடுத்தார்கள் என்பது சரி. என் பதிவில் அதை விட்டது குறைதான். 'உன்னதமானவரின் மக்கள்' என்ற இரண்டாம் பாதிதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அதை வகுப்பில் சேர்க்கவேண்டும்.

ஆனால் அத்தனாசியாரின் வாதம் எங்கே போகிறது என்று பாருங்கள். அவர் எதிரில் நின்றவர்கள் ஆரியு என்ற குருவைப் பின்பற்றிய ஆரியர்கள். மகன் படைக்கப்பட்டவர், தகுதியால் தேவன் என்ற பட்டம் பெற்றவர் என்றவர்கள். அவர் மறுப்பு: மகனே பங்கால் தேவன் ஆனவர் என்றால் நம்மைத் தேவமயமாக்க அவரால் முடியாது, கடன் வாங்கினவன் அதைத் தன் சொந்தமாகக் கொடுக்க முடியாது. அவர் சுபாவத்தால் தேவன், நாம் கிருபையால் பிள்ளைகள். இந்த வித்தியாசத்தை அழித்தால் அத்தனாசியாரின் முழு வாதமும் இடிந்து விழும். அவருடைய பெரிய வாக்கியத்தைச் சமத்துவத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறவர்கள் அறியாமலே ஆரியு சொன்னதன் பக்கம் போகிறார்கள்: படைப்பு ஒன்று தேவநிலைக்கு ஏறலாம் என்பது.

சீர்திருத்த சபைகளும் இதை ஒதுக்கவில்லை. சீர்திருத்தத் தலைவர் கால்வின் 2 பேதுரு உரையில், சுவிசேஷத்தின் நோக்கம் நம்மை ஒருவகையில் தேவமயமாக்குவது என்ற பொருளில் எழுதுகிறார். கூடவே 'சுபாவம்' என்பது இங்கே உள்பொருள் அல்ல, தன்மை என்றும் வரையறுக்கிறார். தேவனுடைய உள்பொருளே விசுவாசிக்குள் வந்து கலக்கிறது என்ற ஓசியாண்டர் என்ற லூத்தரன் இறையியலாரின் போதனையைத் தம் 'இன்ஸ்டிடியூட்ஸ்' என்ற பெரிய இறையியல் நூலின் 1559 பதிப்பில் நீளமாக மறுத்தவரும் அவரே.

செம்மண்

@கல்லல், கிழக்குச் சபைகளையே கேட்போம். பதினான்காம் நூற்றாண்டில் கிழக்குச் சபை இறையியலார் கிரகோரி பாலமாஸ் இதைத் துல்லியமாக வகுத்தார், 1351-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அதை ஏற்றது. கடவுளின் உள்பொருள் எந்தப் படைப்புக்கும் எட்டாதது. அவருடைய செயலாற்றல்களில் மனிதர் உண்மையாகவே பங்குபெறுகிறார்கள். கதிரை வாங்குகிறோம், அது சூரியனுடைய கதிர்தான், பொய்க் கதிர் அல்ல. ஆனால் யாரும் சூரியன் ஆவதில்லை. தெயோசிஸை மிக உயரத்தில் வைத்த சபையே மிக உறுதியான வேலியையும் போட்டிருக்கிறது.

மேற்கில் 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் சொன்னது என் மனத்துக்கு எப்போதும் நெருக்கமானது: படைத்தவருக்கும் படைப்புக்கும் எவ்வளவு ஒப்புமை சொன்னாலும், அதைவிடப் பெரிய வேற்றுமையும் சொல்லப்பட வேண்டும். 1329-இல் மெய்ஸ்டர் எக்கார்ட் என்ற ஜெர்மானியத் துறவியின் கூற்றுகளில் கண்டிக்கப்பட்ட ஒன்று, அப்பம் கிறிஸ்துவின் உடலாவதுபோல் நாம் முழுவதும் கடவுளாக மாறுகிறோம் என்பது. அப்பத்தின் பொருள் மாறி அப்பம் இல்லாமல் போகிறது. மனிதரும் அப்படி என்றால், மீட்கப்பட யார் மிஞ்சினார்கள்? அன்பு செய்ய இருவர் வேண்டும்.

கல்லல்

ஏற்கிறேன். 'சுபாவத்தால் – கிருபையால்' என்ற கோடு அத்தனாசியாரிடமே இருக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆனால் வகுப்பில் வேலியை மட்டும் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் தோட்டத்தையும் காட்டுங்கள். ரோமர் 8:17 நம்மைக் 'கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்' என்கிறது. அது சிறிய வார்த்தை அல்ல.

குன்றக்குடி

சைவ சித்தாந்தம் படித்தவன் என்ற முறையில் ஒரு பதில், செக்காலை ஐயா கேட்டதற்காக.

'சிவமாதல்' என்பதைச் சமமாதல் என்று எங்கள் சாத்திரமும் கொள்வதில்லை. முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகும் என்ற கொள்கைக்குச் சிவசமவாதம் என்று பெயரே உண்டு. அதை உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தில் எடுத்து மறுக்கிறார். ஐந்தொழில் (படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்) இறைவனுக்கே உரியது, முத்தி பெற்ற உயிருக்கு இன்பம் உண்டு, படைக்கும் தொழில் இல்லை.

எங்கள் உவமை தமிழ் இலக்கணத்திலிருந்தே வருகிறது. தாள் + தலை = தாடலை. திருவருட்பயனில் உமாபதி சிவமே சொல்வது. இறைவன் தாளும் உயிரின் தலையும் சேர்ந்தபோது ஒரே சொல்லாக ஒலிக்கிறது. தாளும் தலையும் இல்லாமல் போகவில்லை, தனித்தனியாகவும் நிற்கவில்லை. எது மேல், எது கீழ் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சிவஞான போதத்தின் பத்தாம் சூத்திரம் 'ஏகன் ஆகி' என்றதும் மூச்சு விடாமல் 'இறைபணி நிற்க' என்கிறது. ஒன்றானவன் செய்வது பணி.

வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு உயிர் அநாதி, இறைவனால் படைக்கப்பட்டதல்ல. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமற்றவை. கிறிஸ்தவத்தில் உயிர் இல்லாமையிலிருந்து படைக்கப்பட்டது என்கிறீர்கள். முடிவில் இரண்டும் அருகருகே தெரிந்தாலும் தொடக்கம் வேறு. எல்லாம் ஒன்றுதான் என்று பூசி மெழுகினால் இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் அது பயன்படாது.

செக்காலை

மிக்க நன்றி ஐயா, தாடலையைப் பலகையில் எழுதியே காட்டப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். மோர்மன் சபையார் மனிதர் தேவர்களாவார்கள் என்கிறார்களாமே? வீட்டுக் கூட்டங்களில் வரும் போதனை அதிலிருந்து வந்ததா?

கோனாபட்டு

இரண்டும் வெவ்வேறு. மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844 ஏப்ரல் 7 அன்று இலினாய் மாநிலத்தின் நாவூவில் ஆற்றிய உரையில், தேவனே ஒருகாலத்தில் மனிதரைப்போல் இருந்தவர் என்றும் மனிதரும் தேவர்களாகக் கற்கவேண்டும் என்றும் சொன்னார். அங்கே தேவனும் மனிதரும் ஒரே இனம், ஒருவர் முன்னால் போனவர். அப்போதும் அவர்கள் பிதாவையே வணங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். மற்ற சபைகள் இதை ஏற்காததற்கு ஏசாயா 43:10 ஒன்றே போதும்: "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை."

வீட்டுக் கூட்டங்களில் வருவது 'விசுவாச வார்த்தை' இயக்கத்தின் 'சிறிய தேவர்கள்' போதனை. அதன் கேடு நோயாளியின் கட்டிலருகில் தெரியும். வார்த்தைக்குத் தேவனுடைய வல்லமை இருக்கிறது என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தபின் சுகம் வராவிட்டால், பழி முழுவதும் அந்த நோயாளியின் விசுவாசத்தின் மேல் விழும். மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று ஆகிவிடும். தேவனுக்குச் சமமானவர் கெத்செமனேயில் எப்படி ஜெபித்தார் என்பதை அந்த வீட்டில் யாராவது வாசித்துக் காட்டவேண்டும்: "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே."

தேவகோட்டை ரஸ்தா

நேரப் பங்கீடு: சங்கீதம் 82-க்கு 10 நிமிடம், யோவான் 10-க்கு 10, 2 பேதுருவுக்கு 15, 1 யோவான் 3-க்கு 5, பிலிப்பியர் 2-க்கு 10, கேள்விக்கு 10. உவமை இரண்டுக்கு மேல் வேண்டாம்.

1 யோவான் 3:2-இல் 'ஒப்பாயிருப்போம்' என்ற சொல் வேறு, 'சமம்' என்ற சொல் வேறு. யோவான் 5:18-இல் 'தேவனுக்குச் சமம்' என்ற இடத்தில் 'இசோஸ்', இங்கே 'ஹோமொயோஸ்'. காரணமும் வசனத்திலேயே இருக்கிறது: அவரைத் தரிசிப்பதினால். பார்ப்பவர் மாறுகிறார்.

பிலிப்பியர் 2:6-இல் பழைய மொழிபெயர்ப்பு 'கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்' என்பது நிறையப் பேரைக் குழப்பும். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த 1995 மொழிபெயர்ப்பில் 'வலிந்து பற்றிக்கொண்டிருக்க வேண்டியதொன்றாகக் கருதவில்லை' என்று தெளிவாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே அச்சடியுங்கள். சமமாயிருந்தவர் இறங்கி வருகிறார். ஏதேனிலோ சமமில்லாதவர்கள் கை நீட்டி ஏறப் பார்க்கிறார்கள்.

செக்காலை

அந்த ஏதேன் வசனம், ஆதியாகமம் 3:5. பழையதில் 'தேவர்களைப்போல்' என்றும் புதியதில் 'கடவுளைப்போல்' என்றும் இருக்கிறது. எதை அச்சடிப்பது?

செம்மண்

இரண்டுக்கும் இடமுண்டு. மீண்டும் அதே 'ஏலோகிம்'. அடுத்து வரும் 'நன்மை தீமை அறிகிற' என்ற சொல் எபிரேயத்தில் பன்மை. அதை ஏலோகிமோடு சேர்த்தால் 'தேவர்கள்', 'நீங்கள்' என்பதோடு சேர்த்தால் 'கடவுள்'. ஒரு வரிக் குறிப்போடு எதைப் போட்டாலும் சரி.

ஆனால் அதே தாளில், அதற்கு மேலே, 1:26-ஐ அச்சடிக்க மறக்காதீர்கள்: "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக." சர்ப்பம் வந்து 'போல் இருப்பீர்கள்' என்று ஆசை காட்டியபோது, கடவுளைப்போல் இருப்பது அவர்களுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் முதலில் மேல் வரியை வாசிக்கட்டும், பிறகு கீழ் வரியை.